ஏரிக்குள் வீடு வாங்காதீர்கள்: ஹூஸ்டன் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹூஸ்டனிலும் அதைச் சுற்றிக் கேட்டி, சைப்ரஸ், சுகர்லேண்ட் பக்கங்களிலும் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேரை எனக்கு நேரில் தெரியாது. ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. போன மாதம் ஒரு தம்பி கூப்பிட்டு, "அண்ணே, ஒரு வீடு பிடிச்சிருக்கு, பள்ளிக்கூடம் நல்லா இருக்கு, வேலிக்குப் பின்னாடி ஒரே காடு, மான் எல்லாம் வருது, அங்க இனிமே யாரும் வீடு கட்டவே மாட்டாங்களாம்" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். முகவரி வாங்கி வரைபடத்தில் பார்த்தேன். அவர் காடு என்று சொன்னது பார்க்கர் நீர்த்தேக்கம். வீடு இருப்பது அதன் தண்ணீர் பிடிக்கிற பக்கம். "2017ல ஹார்வி வந்தப்போ அந்தத் தெருவுல என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா தம்பி?" என்றேன். "ஹார்வின்னா என்னண்ணே?" என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. 2017இல் அவர் கோயம்புத்தூரில் கல்லூரியில் இருந்தார். உங்களில் பலரும் அதற்கப்புறம்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். வந்த இடத்தில் புல்வெளி பச்சையாக இருக்கிறது, சுவர் புதுப் பெயின்ட் வாசனையோடு இருக்கிறது, யாரும் பழைய கதையைச் சொல்வதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அந்த வருஷம் அட்லான்டிக் கடலில் பெயர் வைக்கும் அளவுக்கு 17 புயல்கள் உருவாயின. அவற்றில் 10 சூறாவளிகளாக முற்றின, அந்தப் பத்தும், இடையில் சூறாவளியாகாத புயல் ஒன்றுகூட இல்லாமல், வரிசையாக வந்தவை. ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி எங்கள் மேல் வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் இர்மா பார்புடா என்கிற சின்னத் தீவைத் தரைமட்டமாக்கிவிட்டு (அங்கிருந்த சுமார் 1,800 பேரையும் பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று) ஃப்ளோரிடாவுக்குப் போனது. அது போய் இரண்டு வாரம் ஆகவில்லை, மரியா வந்து டொமினிக்காவையும் போர்ட்டோ ரிக்கோவையும் அடித்தது. ஹார்வி, இர்மா, மரியா, அப்புறம் நேட் என்று நாலு பெயர்களையும் இனி எந்தப் புயலுக்கும் வைப்பதில்லை என்று அடுத்த வருஷமே முடிவெடுத்துவிட்டார்கள். மரியாவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், உங்கள் அப்பா அம்மா சம்பந்தப்பட்ட விஷயம் அது.

முதலில் எங்கள் ஊர்க்கதை. ஹார்வி ஆகஸ்ட் 25 வெள்ளிக்கிழமை ராத்திரி ராக்போர்ட் பக்கம் கரையைக் கடந்தது. மணிக்கு 130 மைல் காற்று, நாலாம் வகைப் புயல். அதற்கு முன் 12 வருஷமாக அவ்வளவு பெரிய புயல் எதுவும் அமெரிக்கக் கரையைத் தொட்டதில்லை. ராக்போர்ட் இங்கிருந்து தென்மேற்கே நாலு மாவட்டம் தள்ளி இருக்கிறது, நமக்கென்ன, கொஞ்சம் மழை பெய்யும், போய்விடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். கடைக்குப் போய் தண்ணீரும் ரொட்டியும் வாங்கி வைத்தோம், அவ்வளவுதான். சனிக்கிழமை பகலில் வெயில்கூட எட்டிப் பார்த்தது என்று ஞாபகம்.

போகவில்லை அது. வழக்கமாகப் புயலைத் தள்ளிக்கொண்டு போகிற மேல்காற்று அந்த வாரம் இல்லை, இரண்டு பக்கமும் உயர் அழுத்தம் அணைத்துக்கொண்டது, நடுவில் ஹார்வி நின்றுவிட்டது. நின்ற இடத்தில் நின்றுகொண்டே மெக்சிகோ வளைகுடாவின் சூடான நீரை உறிஞ்சி உறிஞ்சி எங்கள் தலையில் கொட்டியது. ஊர்ந்து ஊர்ந்து மறுபடி கடலுக்குள் போய், 30ஆம் தேதி லூசியானாவில் இன்னொரு முறை கரையேறியது. டெக்ஸஸில் நெடர்லேண்ட் என்கிற ஊரில் மொத்தம் 60.58 அங்குல மழை பதிவானது. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால் 1,538 மில்லிமீட்டர். சென்னைக்கு வருஷம் முழுக்கப் பெய்வதே 1,400 சொச்சம்தான். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) முழுக்க நாலு நாளில் விழுந்த தண்ணீர் சுமார் 1 லட்சம் கோடி கேலன். மழை அளவைக் காட்ட வானிலைத் துறையிடம் இருந்த வண்ணங்கள் போதாமல் வரைபடத்தில் புது ஊதா நிறங்களைச் சேர்த்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி ஃபோன் நிற்காமல் அலறியது. முதலில் சூறைக்காற்று எச்சரிக்கை, அப்புறம் திடீர் வெள்ள எச்சரிக்கை, மறுபடியும் காற்று. பிள்ளைகளை ஜன்னல் இல்லாத துணி அலமாரி அறையில் படுக்க வைத்துவிட்டு நானும் மனைவியும் வாசலில் டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது என்று செங்கல்லை எண்ணிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மூன்று செங்கல் பாக்கி இருந்தபோது நின்றது.

என் நண்பர் வீட்டுக்கு அப்படி நிற்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன் இந்த நீர்த்தேக்கங்களைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ள உலகத்திலேயே நம்மைவிடத் தகுதியானவர்கள் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

நான் மதுராந்தகம் பக்கம். எங்கள் மாவட்டத்துக்கே ஏரி மாவட்டம் என்று பெயர். எங்கள் ஊர்ப் பெருமாளுக்கே ஏரி காத்த ராமர் என்று பெயர். ஏரி என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. தாழ்ந்த பக்கம் கரை இருக்கும், கரையில் மதகு இருக்கும், நிறைந்தால் வழிய கலிங்கு இருக்கும். எதிர்ப் பக்கம், அதாவது மேட்டுப் பக்கம், கரையே இருக்காது. தண்ணீர் ஏற ஏற அந்தப் பக்கம் பரவிக்கொண்டே போகும். அந்த இடத்துக்கு உள்வாய் என்று பெயர். கோடையில் உள்வாய் காய்ந்து கிடக்கும், மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவோம். அதில் யாராவது வீடு கட்டினால் ஊர்ப் பெரியவர்கள், "ஏரிக்குள்ளயா கட்டுற?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வி போதும், வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கும் ஆடிக்ஸ், பார்க்கர் இரண்டும் அதே மாதிரி ஏரிகள்தான். 1929இலும் 1935இலும் வந்த வெள்ளத்தில் நகரத்தின் நடுப்பகுதி மூழ்கியதால், பஃபலோ பேயூ என்கிற ஓடையைக் காப்பாற்ற ராணுவப் பொறியாளர் படை 1940களில் மண் கரை எழுப்பியது. மதகு இருக்கிறது. நம் ஏரிக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்காது. வெள்ளம் வந்தால் பிடித்து வைத்து மெதுவாக விடுவதற்கு மட்டும்தான் இது. அதனால் உள்ளே பூங்கா, கால்பந்து மைதானம், சைக்கிள் பாதை எல்லாம் இருக்கிறது. ஜார்ஜ் புஷ் பூங்கா, பேர் க்ரீக் பூங்கா என்று நீங்கள் ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறீர்களே, அதெல்லாம் ஏரியின் அடிவயிறு.

தப்பு எங்கே நடந்தது என்றால், ஏரி முழுக்க நிறைந்தால் எவ்வளவு தூரம் பரவுமோ அவ்வளவு நிலத்தையும் அரசாங்கம் வாங்கவில்லை. கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டால் பார்க்கரில் 95 அடி உயரம் வரைக்கும், ஆடிக்ஸில் சுமார் 103 அடி வரைக்கும்தான் அரசு நிலம். அதற்கு மேல் தனியார் நிலம். அன்றைக்கு அது நெல் வயலும் மேய்ச்சல் காடுமாக இருந்தது, யாரும் கவலைப்படவில்லை. ஊர் வளர்ந்தது, வயல் மனைப்பிரிவாயிற்று, மனையில் மூன்று கார் நிறுத்தும் வீடுகள் வந்தன, நல்ல பள்ளிக்கூடங்கள் வந்தன, நாமும் வந்தோம். ஹார்வியில் பார்க்கரின் தண்ணீர் 101 அடியைத் தாண்டியது, ஆடிக்ஸில் 109 அடியைத் தொட்டது. ஆடிக்ஸ் கரையின் வடக்கு முனையைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் தானாகவே வழிந்தது, கட்டிய நாளிலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. கணக்கு போட்டுப் பாருங்கள். அரசு நிலத்தின் விளிம்புக்கும் தண்ணீர் நின்ற மட்டத்துக்கும் நடுவில் ஆறடி. அந்த ஆறடிக்குள் ஆயிரக்கணக்கான வீடுகள் இருந்தன. ஏரியின் உள்வாயில்.

கரைக்குக் கீழ்ப்பக்கம் இருந்தவர்களும் தப்பவில்லை. தண்ணீர் கரையைச் சுற்றிக் கட்டுப்பாடில்லாமல் வழிந்துவிடும் என்கிற பயத்தில் 28ஆம் தேதி விடியுமுன் மதகைத் திறக்க ஆரம்பித்தார்கள். பஃபலோ பேயூ ஓரத்தில், அதுவரை நனையாத வீடுகளுக்குள்கூட அதற்கப்புறம் தண்ணீர் புகுந்து நாட்கணக்கில் வடியாமல் நின்றது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு பெருகியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது நாங்கள் இங்கே உட்கார்ந்து ஊருக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தோம். இருபது மாதம் கழித்து ஊரிலிருந்து எங்களுக்கு ஃபோன் வந்தது.

சரி, நண்பர் வீடு. எந்தத் தெரு, யார் என்று சொல்லப்போவதில்லை, அவருக்கு அது வலிக்கும். வீடு வாங்கும்போது "இங்கே வெள்ள வரைபடத்தில் ஒன்றும் இல்லை, வெள்ள இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை, வீண் செலவு" என்று அவருடைய ஏஜென்ட் சொல்லியிருந்தார். பின்னால் இருப்பது நீர்த்தேக்கம் என்ற வார்த்தையையே யாரும் உச்சரிக்கவில்லை. "க்ரீன் பெல்ட்", அதாவது பசுமைப் பகுதி, என்றார்கள், அதற்கு மனைக்குத் தனி விலையும் வாங்கினார்கள்.

மழை நின்று வெயில் அடித்த பிறகுதான் அவர் தெருவில் தண்ணீர் ஏறியது. அதுதான் உள்வாயின் குணம், மழை நின்றாலும் ஓடைகள் ஏரிக்குக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கும். நீல வானம், பறவைச் சத்தம், தெருவில் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும் தண்ணீர். மீன்பிடி படகு வைத்திருந்த ஒரு முன்பின் தெரியாத மனிதர் வந்து அவரையும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஊரிலிருந்து வந்திருந்த அவர் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனார். அம்மா மடியில் சாமி படமும் மாத்திரைப் பையும் இருந்தன. பாஸ்போர்ட் மேஜை டிராயரில் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

தண்ணீர் வடிய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. நாங்கள் ஏழெட்டுப் பேர் போனோம், தமிழ்ச் சங்கத்துப் பிள்ளைகள், அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், எங்கள் பக்கத்து வீட்டு வியட்நாமியப் பெரியவர். கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. சாக்கடையும் பெட்ரோலும் அழுகிய அரிசியும் சேர்ந்த மாதிரி. குளிர்சாதனப் பெட்டி மிதந்து போய்ச் சமையலறை வாசலில் குறுக்கே விழுந்து கிடந்தது. சுவர் எல்லாம் ஷீட்ராக் என்கிற ஜிப்சம் அட்டை, நம் ஊர் செங்கல் சுவர் போலக் கழுவிக் காயவைக்க முடியாது, தண்ணீரை உறிஞ்சி உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல் சுற்றிவர அறுத்து, உள்ளே இருக்கும் பஞ்சையும் பிடுங்கி எறிய வேண்டும். தரைப் பலகை, கதவு, அலமாரி, மெத்தை எல்லாம் தெருவோரத்துக்கு. கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருந்தது. அவர் மனைவி அதைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, குப்பை மேட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் உயரத்துக்கு மேடு. அப்படி ஒரு தெரு இல்லை, ஊர் முழுக்க. 3,00,000க்கும் மேற்பட்ட கட்டடங்களில் தண்ணீர் புகுந்ததாகவும் 5,00,000 வரை கார்கள் மூழ்கியதாகவும் தேசிய சூறாவளி மையத்தின் அறிக்கை சொல்கிறது. மொத்த நஷ்டம் 12,500 கோடி டாலர். அன்றன்றைய டாலர் மதிப்பில் பார்த்தால் 2005இல் கத்ரீனா புயல் செய்த நஷ்டத்துக்குச் சமம்.

டெக்ஸஸில் நேரடியாகப் புயலால் இறந்தவர்கள் 68 பேர். மூன்று பேரைத் தவிர மற்ற எல்லாரும் மழை வெள்ளத்தில் போனவர்கள், காற்றில் இல்லை. இதை மறக்காதீர்கள். தெருவில் தண்ணீர் ஓடும்போது காரை எடுக்காதீர்கள், உங்கள் வண்டி எவ்வளவு உயரமாக இருந்தாலும்.

இப்போது நான் கெஞ்சிக் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

"நூறு வருஷ வெள்ளம்" என்று சொல்வார்கள். அந்த வார்த்தையை நம்பாதீர்கள். நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அர்த்தம். நீங்கள் 30 வருஷத்துக்குக் கடன் வாங்குகிறீர்கள். அந்த 30 வருஷத்துக்குள் ஒரு தடவையாவது வருவதற்கு நூற்றுக்கு 26 வாய்ப்பு, நாலில் ஒன்றுக்கு மேல். இந்த ஊரில் 2015இல் ஒரு பெரிய வெள்ளம், 2016 ஏப்ரலில் ஒன்று, 2017இல் ஹார்வி, மூன்று வருஷம் தொடர்ச்சியாக. அந்தக் கணக்குக்கு அடிப்படையான மழை அளவையே 2018இல் திருத்தினார்கள். ஹூஸ்டனில் ஒரு நாளில் 13 அங்குலம் பெய்தால் நூறு வருஷ மழை என்றிருந்தது சுமார் 18 அங்குலம் ஆகிவிட்டது. பழைய கணக்கில் கட்டிய வீடுகள் அப்படியே நிற்கின்றன.

வரைபடத்துக்கு வெளியே இருந்தால் பயமில்லை என்பதும் பொய். ஹாரிஸ் கவுன்டியில் ஹார்வியில் மூழ்கிய வீடுகள் சுமார் 1,54,000. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நூறு வருஷ வெள்ளப் பகுதிக்கு வெளியே இருந்தவை. என் நண்பர் வீடும் அப்படித்தான். பெரும்பாலான குடும்பங்களிடம் வெள்ள இன்ஷூரன்ஸ் இல்லை. வங்கி கட்டாயப்படுத்தவில்லை என்றால் தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள். வங்கி தன் பணத்தைப் பார்க்கிறது, உங்கள் குடும்பத்தை நீங்கள்தானே பார்க்க வேண்டும்?

சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் வெள்ளத்துக்கு ஒரு டாலர்கூட வராது. வெள்ளத்துக்கென்று தனியாக எடுக்க வேண்டும். மத்திய அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரை, உள்ளே இருக்கும் பொருளுக்கு 1,00,000 டாலர் வரை கிடைக்கும். எடுத்து 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும், வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. புயல் வளைகுடாவுக்குள் வந்துவிட்டது என்று டிவியில் பார்த்துவிட்டு எடுக்க முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் பொருளுக்கு மட்டும் எடுக்கலாம், இது பல பேருக்குத் தெரியவே இல்லை.

விசாவில் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். வெள்ளம் வந்தால் ஃபீமா என்கிற மத்திய அரசின் பேரிடர் உதவித் துறை பணம் கொடுக்கும் என்று சொல்வார்கள். ஹெச்-1பி, எல்-1 என்கிற வேலை விசா, மாணவர் விசா என்று இருக்கும் நமக்கு அந்தப் பணம் கிடையாது. குடிமக்களுக்கும் க்ரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் அகதிகள் போன்ற சிலருக்கும்தான். இங்கே பிறந்த குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் பேரில் விண்ணப்பிக்கலாம், அதுவும் உங்களுக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். அப்படிக் கிடைத்தாலும் 2017இல் ஒரு குடும்பத்துக்கு உச்ச வரம்பே 33,000 டாலர் சொச்சம். என் நண்பர் வீட்டுக்குக் கீழ்த்தளத்தைத் திரும்பக் கட்ட அதைப்போலப் பல மடங்கு ஆனது. அரசுதான் அந்த நிலத்தை ஏரியாகப் பயன்படுத்தியது, பொறுப்பும் அதற்குத்தான் என்று உள்வாய் வீடுகள் பக்கம் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது உண்மை. ஆனால் தீர்ப்பு வருவதற்கே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அதற்குள் சேமிப்பு முழுக்கக் கரைந்துவிட்டது, வேலை போனால் அறுபது நாளில் நாட்டைவிட்டுப் போக வேண்டிய பயத்தோடு இரண்டாவது மாடியில் ஒரு மின்சார அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டு என் நண்பர் குடும்பம் இருந்ததை நான் பார்த்தேன்.

விற்பவர்கள் சொல்லாமல் விடுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். 2019 செப்டம்பர் 1க்கு அப்புறம் டெக்ஸஸில் பழைய வீடு விற்பவர், வீட்டுக்குள் முன்பு தண்ணீர் புகுந்ததா, வெள்ளப் பகுதியில் இருக்கிறதா, நீர்த்தேக்கத்தின் உள்வாயில் இருக்கிறதா என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ஹார்விக்குப் பிறகு வந்த நல்ல சட்டம். அந்தப் படிவம் கடைசி நாளில் நூறு தாள்களோடு வரும், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுவீர்கள். முதல் நாளே கேட்டு வாங்கி ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். புது வீட்டுக்கு, அதாவது பில்டர் கட்டி இன்னும் யாரும் குடியேறாத வீட்டுக்கு, அந்தப் படிவம் கட்டாயமில்லை. நமக்குத்தான் புது வீடு என்றால் ஆசை. புது வீடு பழைய பள்ளத்தில் இருக்க முடியும். பார்க்கரை ஒட்டிய ஃபோர்ட் பெண்ட் கவுன்டி மனைப்பிரிவுகள் சிலவற்றின் பதிவு வரைபடத்தில், இது நீர்த்தேக்கத்தை ஒட்டியது, நீண்ட நாள் தண்ணீர் தேங்க வாய்ப்பு உண்டு என்று 1990களிலிருந்தே ஒரு வரி பொடி எழுத்தில் இருந்தது. வாங்கியவர்களில் யாரும் அந்த வரைபடத்தைப் பார்த்ததில்லை.

வாசல் கிழக்கா வடக்கா என்று நாம் மணிக்கணக்கில் பேசுகிறோம். தப்பில்லை, என் வீடும் கிழக்கு வாசல்தான். ஆனால் மனையில் மேடு எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்பதும் வாஸ்துவில் முதலில் பார்க்க வேண்டியதுதானே? நம் தாத்தாக்கள் மனை வாங்கும்போது மழைக்காலத்தில் ஒரு தடவை போய் நின்று பார்த்துவிட்டு வருவார்கள். இங்கே கணினியிலேயே பார்க்கலாம். ஹாரிஸ் கவுன்டி வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறையின் வரைபடத்தில் முகவரியைப் போட்டால் வெள்ளப் பகுதி தெரியும், நீர்த்தேக்கத்தின் உள்வாய் எங்கே வரைக்கும் என்பதும் தெரியும். நிலத்தின் உயரம் எத்தனை அடி என்று பாருங்கள், ஆடிக்ஸ் பார்க்கர் பக்கம் என்றால் நான் மேலே சொன்ன 109, 101 என்ற எண்களோடு வைத்துப் பாருங்கள். அப்புறம் வீட்டைவிட்டு இறங்கி, எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, "ஹார்வியில் இங்கே தண்ணீர் வந்ததா?" என்று கேளுங்கள். ஏஜென்ட் சொல்லாததை எதிர் வீட்டுப் பாட்டி சொல்வார். இந்த ஊர் மனிதர்கள் அதில் ஒளிக்க மாட்டார்கள், அவர்களுக்கும் அது ஆறாத புண்.

அப்பா அம்மா விஷயம் சொல்கிறேன் என்றேன். நாம் பெரும்பாலும் மே, ஜூனில் ஊரிலிருந்து அவர்களை வரவழைத்து நவம்பரில் அனுப்புகிறோம். புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

அந்த 2017 செப்டம்பர் 20இல் மரியா போர்ட்டோ ரிக்கோவைக் கடந்தபோது தீவு முழுக்க மின்சாரம் போனது. கடைசி வீட்டுக்குத் திரும்ப வர ஏறக்குறைய 11 மாதம் ஆனது. இறந்தவர்கள் 64 பேர் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வந்து, 2018 ஆகஸ்டில் அரசே 2,975 என்று ஒப்புக்கொண்டது. 64 எங்கே, 2,975 எங்கே. மற்றவர்கள் எல்லாம் எப்படிப் போனார்கள்? காற்று அடித்து ஓய்ந்த பிறகு போனார்கள். டயாலிசிஸ் கிடைக்காமல், ஆக்ஸிஜன் கருவி ஓடாமல், இன்சுலின் கெட்டுப்போய், வெக்கை தாங்காமல், ஆம்புலன்ஸ் வர சாலை இல்லாமல். அதிகமும் வயதானவர்கள், ஏழைகள். ஃப்ளோரிடாவில் இர்மாவுக்குப் பிறகு ஒரே முதியோர் இல்லத்தில் ஏசி நின்றுபோய் 12 பேர் இறந்தார்கள். அந்தப் பெரியவர்களைப் பற்றிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, என் அம்மா அப்போது பக்கத்து அறையில்தான் இருந்தார். போர்ட்டோ ரிக்கோவில் தயாராகும் சலைன் பைகள் வராமல் இங்கே அமெரிக்காவிலேயே மருத்துவமனைகள் மாதக்கணக்கில் திண்டாடின. என் மனைவி செவிலியர், மருந்தைச் சொட்டு சொட்டாக விடாமல் ஊசியில் மெதுவாகக் கையால் ஏற்ற வேண்டியிருந்தது என்று வந்து சொல்வார்.

இதெல்லாம் தீவில் நடந்தது, இங்கே நடக்காது என்று நினைக்காதீர்கள். 2024 ஜூலை 8இல் பெரில் வந்தது உங்களுக்கே தெரியும், நீங்கள் இருந்தீர்கள். சூறாவளிகளிலேயே வலு குறைந்த முதல் வகைதான். ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போய், அந்த வெயிலில் பல வீடுகளுக்கு ஒரு வாரம் வரைக்கும் வரவில்லை. அன்றைக்கு எத்தனை பேர் பெற்றோரைக் காரில் உட்கார வைத்து ஏசி போட்டுக்கொண்டு இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே அவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மாத்திரை கையிருப்பு, இன்சுலின் வைக்க ஐஸ் பெட்டி, சீட்டு எழுதிய மருத்துவரின் தாள், பயணக் காப்பீட்டுத் தாள், எல்லோருடைய பாஸ்போர்ட்டும் விசா ஒப்புதல் தாளான ஐ-797உம் ஒரே நெகிழிப் பையில், இதை ஜூன் முதல் வாரத்திலேயே செய்து மேல் அலமாரியில் வையுங்கள். எந்த ஊரில் யார் வீட்டுக்குப் போவீர்கள் என்றும் இப்போதே பேசி வையுங்கள். ஆஸ்டினிலும் டாலஸிலும் நமக்கு ஆள் இல்லாமல் இல்லை. மேலே ஏற வேண்டி வந்தால் பரணுக்குள் போய் மாட்டிக்கொள்ளாமல் கூரைக்குப் போங்கள், அதை உடைத்து வெளியேற ஒரு கோடாலி வேண்டும். நான் சொல்லும்போது என் மகளே நம்பவில்லை, ஹார்வியின்போது அதிகாரிகள் டிவியில் இதைத்தான் சொன்னார்கள்.

இந்த ஊரைவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் போகவில்லை. ஹார்வி கரையைத் தொட்ட அதே ஆகஸ்ட் 25இல், சரியாக ஒரு வருஷம் கழித்து, இந்த கவுன்டி மக்கள் வாக்களித்து 250 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குச் சம்மதித்தார்கள், ஓடைகளை அகலப்படுத்த, புதுக் குளங்கள் வெட்ட. வேலை நடக்கிறது, மெதுவாக நடக்கிறது. குடியுரிமை வாங்கியவர்கள் கவுன்டி தேர்தலிலும் ஓட்டுப் போடுங்கள், ஜனாதிபதி தேர்தலுக்கு மட்டும் வரிசையில் நிற்பது போதாது. உங்கள் தெரு ஓடையைத் தூர் வாருவது கவுன்டிக்காரர்கள்தான்.

அந்தத் தம்பி இன்னும் முடிவு செய்யவில்லை. முன்பணம் கொஞ்சம் போகும், போகட்டும் என்றேன். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் மனைவிக்கு அந்தச் சமையலறை ரொம்பப் பிடித்துவிட்டதாம், எனக்கு அது புரிகிறது.

உங்களுக்கும் அப்படி ஒரு வீடு பிடித்திருந்தால், கையெழுத்துப் போடும் முன் முகவரியை எனக்கு அனுப்புங்கள். நான் ஏஜென்ட் இல்லை, எனக்கு இதில் ஒரு காசு இல்லை. சனிக்கிழமை காலையில் என்னிடம் நேரம் இருக்கும். காரில் போய் அந்தத் தெருவை, பின்வேலியை, ஓடையை, கரை எந்தப் பக்கம் என்பதை ஒன்றாகப் பார்த்துவிட்டு வரலாம். மழை பெய்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
கேட்டியில் இருக்கும் ஒரு அண்ணன்